போம் நெரப்பப் போயி வாங்கின அடி

ஒரு விண்ணப்பப் போம் நெரப்புறதுக்கு எங்க வூட்டுல மூணு பேருக்கு ரத்தம் வந்துச்சு. மொதல்ல எனக்கு, நெத்தியில. அப்புறம் என் பேத்திக்கு, காதுல. அப்புறம் என் மகனுக்கு, வாயில. பக்கத்துக் காம்பராக்காரியோட கோழிய நான் கணக்குல சேக்கல. அது போமும் நெரப்பல ஒன்னும் நெரப்பல, சும்மா அந்தப் பக்கமா நடந்து போச்சு, பாவம்.

நான் ரெண்டாம் வகுப்போட நின்னவ. இத நான் எழுதல. போன்கிட்ட பேசுறேன், அது எழுதிக்குது. பேத்திதான் பழக்கிவிட்டா. நடுவுல அசிங்கமா ஏதாச்சும் வந்திருந்தா போனத் திட்டுங்க. நான் நல்ல பொம்பள.

எங்க தேயிலத் தோட்டத்துல வரிசையாக் கட்டின லயத்துக்கு மாத்தளையிலருந்து மேல ஏறணும். பஸ் விட்டு எறங்கி, மொளகுக்கொடி ஏறின மரமெல்லாம் தாண்டி, அர மணி நேரம் நடக்கணும். ஒரே ஒரு அறை, அந்தக் காம்பராவுல மூணு பேரு. நான், என் மகன், அவன் மக. மருமக குவைத்துல ஊரான் புள்ளைக்கு சோறு ஊட்டிக்கிட்டு இருக்கா. பேத்திக்கு ரெண்டு கண்ணும் தெரியாது, பொறந்ததுலருந்தே. ஆனா கை நல்லா நீளும். சின்ன வயசுல கேலி பண்ணின ஒரு பயல, சட்டயில அடிச்ச மண்ணெண்ணெ வாடைய வச்சுக் கண்டுபுடிச்சு, மறுநாள் மூக்க ஒடச்சவ. அந்தக் கொணம் எங்கேருந்து வந்துச்சுன்னு எல்லாரும் என்னப் பாப்பாங்க. நான் கூரயப் பாப்பேன்.

அவ ஏ லெவல் பாஸ் பண்ணிட்டா. எங்க லயத்துல கண்ணு இருக்குறதுகளே பாஸ் பண்ணல. ஒரு யுனிவர்சிட்டியில அவளுக்குப் புடிச்ச படிப்பு ஒன்னு இருந்துச்சு. எந்த யுனிவர்சிட்டின்னு சொல்ல மாட்டேன், சொன்னா என் வாயில கொச்சிக்கா மொளகாயத் தேச்சிருவேன்னு சொல்லியிருக்கா. அதுக்கு கடுதாசியில போம் கெடையாதாம். எல்லாம் போன்ல, கம்பியூட்டர்லதானாம். வெள்ளிக்கெழம நாலு மணிக்கு மூடிருவாங்களாம். மூடிட்டா இன்னும் ஒரு வருசம். ஒரு வருசம் போனா அவ அப்பன் எவன் தலையிலயாவது அவளக் கட்டி வச்சிருவான்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவ போன் பேசும். அவ அம்மா குவைத்துலருந்து அனுப்பினது. வெரல வச்ச எடத்துல என்ன எழுதியிருக்கோ அத வாசிச்சுச் சொல்லும். எல்லாத்தையும் நல்லாத்தான் வாசிக்கும், இந்த யுனிவர்சிட்டிக்காரங்க போம தவிர. அதுல வெரல வச்சா, "பட்டன்" அப்படிங்கும். கொஞ்சம் தள்ளி வச்சா, மறுபடி "பட்டன்". என்ன பட்டன், அமுக்குனா என்ன ஆகும், ஒன்னும் சொல்லாது. பேரு வைக்காம புள்ளைகளப் பெத்துப் போட்ட மாதிரி வரிசையா பட்டன்.

திங்கக்கெழம மூணாவது தடவ நெரப்பினா. பேரு, அப்பன் பேரு, ஐடென்டிட்டி நம்பரு, பள்ளிக்கூடம், எல்லாத்தையும் தட்டித் தட்டிப் போட்டா. பொறந்த தேதிக்கு வந்தா ஒரு காலண்டர் தொறந்துச்சு. கண்ணு தெரிஞ்சவங்க மேல இருக்குற வருசத்தத் தொட்டா ஒரேயடியாப் பின்னால போயிரலாமாம். அந்த எடத்த போன் வாசிக்கல. அதனால இவ இந்த மாசத்துலருந்து மாசம் மாசமா பத்தொம்பது வருசம் பின்னால போகணும். அவளப் பெக்குறதுக்கே அவ அம்மாவுக்கு அவ்வளவு நேரம் எடுக்கல. ஒரு வழியாப் போயிச் சேந்தா. சேந்த ஒடனே, நேரம் முடிஞ்சுபோச்சுன்னு போட்டது பூராவும் அழிஞ்சுருச்சு.

போனத் தூக்கி வீசினா. நான் அடுப்புக்கு முன்னால குந்தி ஊதிக்கிட்டு இருந்தேன். நேரா நெத்தியில வந்து விழுந்துச்சு. ரத்தம் மூக்கு வழியா எறங்கி வாயில உப்புக் கரிச்சுச்சு. எப்புடிடி குறி பாத்தன்னு கேட்டேன். செவுத்துக்குத்தான் வீசினாளாம், ஆனா நான் ஊதுற சத்தம் கேட்டதும் கை தானா அந்தப் பக்கம் திரும்பிருச்சாம். காப்பித்தூள வச்சு அமுக்கிக்கிட்டு ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ சிரிக்கிறாளா அழுவுறாளான்னு எனக்குத் தெரியல.

போன் கண்ணாடி சிலந்திக்கூடு மாதிரி வெடிச்சுப்போச்சு. பேச்சு மட்டும் நிக்கல. அவளுக்குக் கண்ணாடி தேவயில்ல. எனக்குத்தான் தேவைப்பட்டுச்சு, ஏன்னா அன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள என்னக் கண்ணா ஆக்கிட்டா. இலக்கம் எனக்கு அத்துப்படி. முப்பது வருசம் கொழுந்து நிறுக்கும்போது தராசப் பாத்துக்கிட்டே நின்னவ நான், ஒரு கிலோ கொறச்சா கணக்கப்புள்ள சட்டயப் புடிச்சிருவேன். காலண்டர்ல வருசத்த நான் பாத்துச் சொல்ல, அவ தொட்டா. தாண்டிட்டோம். அதுக்கப்புறம் ஒம்பது படம் வந்துச்சு. ரோட்டக் கடக்குற கோடு எந்தப் படத்துல இருக்கோ அதயெல்லாம் தொடணுமாம். மாத்தளையில பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால எத்தன வருசமா மஞ்சக் கோட்டுல கடந்திருக்கேன். வெடிச்ச கண்ணாடியில கண்ண ஒட்டிக்கிட்டு மஞ்சளத் தேடினேன். எங்கயுமே இல்ல. ஒன்னுமே இல்லடின்னு சொன்னேன். தப்புன்னு வந்துச்சு. இன்னொரு ஒம்பது வந்துச்சு, அதுலயும் மஞ்ச இல்ல. யாரோ வெளிநாட்டுக்காரன் ரோடாம், அங்க கோடு வெள்ளையாம். எனக்கு எவன் சொன்னான்? அதுக்குள்ள நேரம் முடிஞ்சு எல்லாம் அழிஞ்சுருச்சு.

இந்தப் படமெல்லாம் எதுக்குடின்னு கேட்டேன்.

"போம் நெரப்புறது மனுசிதானா, இல்ல மெசினான்னு கேக்குற கேள்வி இது அப்பாயி," அப்படின்னா. "கண்ணு இருந்தாத்தான் மனுசியாம்."

நான் அவிஞ்ச அடுப்ப மறுபடி ஊத ஆரம்பிச்சேன்.

இப்ப என் மகனப் பத்திச் சொல்லணும். அவன் கெட்டவன் இல்ல. கைதான் கெட்டது. பேத்திக்கு ஏழு வயசா இருக்கும்போது, கண்ணு தெரியாத புள்ளைகளுக்கான ஒரு ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டான். மூணு மாசம் கழிச்சுப் பாக்கப் போனா, புள்ள வலது கையில துணி சுத்தியிருந்துச்சு. ரொட்டி ஒன்னக் கேக்காம எடுத்துட்டான்னு அங்க சமையல் பாத்த பொம்பள, காஞ்ச கரண்டிய வச்சுச் சுட்டிருக்கா. உள்ளங்கையில. கண்ணு தெரியாத புள்ளைக்கு உள்ளங்கைதான் கண்ணு. என் மகன் அங்க இருந்த கதவ ஒடச்சான், காவலுக்கு நின்ன வாச்சர ஒடச்சான், அந்தப் பொம்பளய அடுப்புல தள்ளப் போனான், நாலு பேரு புடிச்சாங்க. பொலிஸ்ல ரெண்டு நாள் இருந்துட்டு வந்தான். அப்புறம் புள்ளயத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தவன், இனி இது எங்கயும் போகாதுன்னு சொன்னான். அவ தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலயும் டவுன் பள்ளிக்கூடத்துலயும் படிச்சது நான் கூட்டிப் போயி, கேட்டுக்கு வெளிய உக்காந்து, சாயந்தரம் கூட்டி வந்து.

அதனால போம் விசயத்த அவன்கிட்ட சொல்லல. ஆனா எங்க பக்கத்துல ஒரு பழக்கம். எந்த போமுக்கும் வூட்டு ஆம்பளயோட போன் நம்பரத்தான் போடுவோம். அதத் தவிர வேற நம்பர் போடலாம்னே தோணாது. பேத்தியும் மொதல்ல பேரு பதியும்போது அப்பன் நம்பரப் போட்டுட்டா. அன்னைக்கு அவன் பட்டன் போன் வூட்டுல சார்ஜ்ல கெடந்துச்சு. நம்பரு சரிதானான்னு பாக்க அதுக்கு ஆறு இலக்கம் வந்துச்சு, நான் வாசிச்சுச் சொன்னேன், வேலை முடிஞ்சுது. அத்தோட மறந்துட்டோம். யுனிவர்சிட்டி மறக்கல. செவ்வாக்கெழம மத்தியானம், உங்க விண்ணப்பம் பாதியில நிக்குது, மூணு நாள்தான் இருக்குன்னு அவனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிருச்சு. மலையில வேலைக்கு நின்ன எடத்துல ஒரு பயகிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கான். அந்தப் பயலும் நல்லா சத்தம் போட்டு வாசிச்சிருக்கான்.

அஞ்சு மணிக்கு வந்தான். இடுப்புல தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி. யாரு போட்டதுன்னு கேட்டான். நான்தான்னு பேத்தி சொல்லி முடிக்கல, அறைஞ்சுட்டான். தோடு காதக் கிழிச்சுக்கிட்டு எங்கயோ போச்சு. அவ கீழ விழுந்தவ அப்படியே தவழ்ந்து, சத்தம் வந்த பக்கமா பாஞ்சு, அவன் கையப் பல்லால கவ்விட்டா. அவன் உதறுறான், அவ விடல. தலமயிரப் புடிச்சு இழுக்குறான், அப்பவும் விடல. ரெண்டு பேரும் ஒரு சத்தமும் போடல, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. அவன் மறு கை இடுப்புப் பக்கம் போச்சு. கத்திக்குப் போச்சா, வலிக்குப் போச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் அடுப்புலருந்து வெறகுக்கட்டய உருவி, நான் பால் குடுத்து வளத்த வாயி மேலயே ஒன்னு போட்டேன். முன் பல்லு ஒன்னு தெறிச்சு சோத்துப் பானை மூடியில போயி டிங்குன்னு விழுந்துச்சு.

அவன் என்னைத் திருப்பி அடிக்கல. எப்பவும் அடிச்சதில்ல. ரத்தத்தத் துப்பிட்டு, போனத் தேடி எடுத்து, அம்மிக்கல்லு மேல வச்சு, கத்தி முதுகால இடிச்சான். மூணாவது இடி வரைக்கும் அது பட்டன், பட்டன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நாலாவதுல நின்னுருச்சு.

"என் புள்ளயோட இன்னொரு கையையும் சுட்டு வாங்க நான் அனுப்ப மாட்டேன்," அப்படின்னான்.

புதங்கெழம காலையில வீங்கின வாயோட டிஸ்பென்சரிக்குப் போனான். அவன் அந்தப் பக்கம் போக, நாங்க இந்தப் பக்கம் எறங்கிட்டோம். மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்கிட்ட இன்டர்நெட் பாக்குற ஒரு கமியூனிகேசன் கடை. கடைக்காரர் எனக்குத் தெரிஞ்ச முஸ்லிம் ஆளு, தங்கமான மனுசன். ரெண்டு நிமிசத்துல நான் போட்டுத் தாரேன் ஆச்சின்னு உக்காந்தாரு. படத்த எல்லாம் எலி புடிக்கிற பூன மாதிரி டக் டக்குன்னு தொட்டாரு. அப்புறம் உடம்புல ஏதாச்சும் கொற இருக்கான்னு ஒரு கேள்வி வந்துச்சு. இல்லன்னு போடுவோம் மகள், இருக்குன்னு போட்டா டாக்டர் கடுதாசி அது இதுன்னு அலைய வைப்பாங்கன்னாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு. பேத்தி அவரு கையத் தடவிக் கண்டுபுடிச்சு, அமுக்கப் போன வெரலப் பின்னால மடக்கிட்டா. மனுசன் அல்லாவ ரெண்டு தடவ கூப்புட்டாரு.

வெளிய இழுத்துட்டு வந்து திட்டினேன். நல்ல மனுசன் போட்டுத் தந்தா என்னடி கொறஞ்சுருவன்னு கேட்டேன்.

"நாளைக்குப் பாடமும் இதுலதான் அப்பாயி, சோதனையும் இதுலதான். ஒவ்வொன்னுக்கும் கண்ணு இருக்குற ஒருத்தரத் தேடி ஓடவா? இதுவே எனக்குத் தொறக்கலன்னா, உள்ள போயி நான் என்ன பண்றது?"

அப்ப, அத யாரு செஞ்சாங்களோ அவங்ககிட்டயே போவோம்னு நான்தான் சொன்னேன். அதுக்கப்புறம் நடந்ததுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு.

ரெண்டு பஸ் மாறிப் போயி யுனிவர்சிட்டி வாசல்ல எறங்கினோம். கேட்டுல ஒரு செக்கியூரிட்டிக்காரன், மீச மட்டும் ஒரு ஆள் ஒயரம். இப்ப யாரும் நேர்ல வரக்கூடாது, எல்லாம் ஒன்லைன்தான், போங்கன்னு சிங்களத்துல சொன்னான். அந்த ஒன்லைன் வேலை செய்யலன்னு சொல்லத்தான் வந்தோம்னேன். அதயும் ஒன்லைன்ல சொல்லுன்னான். நான் கொஞ்ச நேரம் மரத்தடியில நின்னு பாத்தேன். பன்னெண்டு மணிக்கு சோத்துப் பார்சல் கொண்டு வர்ற பொம்பளைங்க உள்ள போனாங்க. எங்க ரொட்டிப் பொட்டலத்த தலையில வச்சுக்கிட்டு, பேத்தி கையப் புடிச்சுக்கிட்டு, கம்பியூட்டர் மிஸ்ஸுக்கு சோறுன்னு சொல்லிக்கிட்டே அவங்களோட நடந்துட்டேன். அவனும் அந்தக் கூட்டத்துல எங்க மொகத்தப் பாக்காமலே கேட்டத் தொறந்துவிட்டான்.

கம்பியூட்டர் காம்பராவுல ஒரு சின்ன வயசு மிஸ். சிங்களப் புள்ள, நல்ல மொகம். போம செஞ்சது அவதான். எங்க கதயக் கேட்டுட்டு, இல்ல ஆச்சி, நல்லா செக் பண்ணித்தான் போட்டோம், இதுவரைக்கும் யாரும் கொற சொல்லலன்னா. யாரு செக் பண்ணினான்னு கேட்டேன். நானும் இன்னும் ரெண்டு பேரும்னா. மூணு பேருக்கும் கண்ணு எப்படின்னு கேட்டேன். அவ சிரிச்சா. அந்தச் சிரிப்புல எனக்கு சூடு ஏறிருச்சு. தோள்ல கெடந்த துவாய்த் துண்ட எடுத்து, பின்னாலருந்து அவ தலையோட சேத்து சுத்தி இறுக்கிட்டேன். இப்ப நெரப்பு பாப்போம்னேன்.

அவ அலறிக்கிட்டு நாக்காலியோட சாஞ்சுட்டா. மொழங்கை மேசையில இடிச்சு தோல் உரிஞ்சுபோச்சு. அந்த மீசக்காரன் ஓடி வந்து என் கையப் பின்னால முறுக்கினான். மணிக்கட்டுல, முருங்கக்கா ஒடையிற மாதிரி ஒரு சத்தம். வலியில நான் அவன் மொழங்கால்ல ஒதச்சேன். பேத்தி எம்மேல கை வச்சவன் எங்க நிக்கிறான்னு கேட்டுக் கேட்டு, தட்டி நடக்குற கம்பச் சுழட்டினா. ஒரு அடி அவனுக்கு, ஒரு அடி தண்ணிப் போத்தலுக்கு, மூணாவது எனக்கு. அப்பத்தான் என் குரலக் கேட்டு நிறுத்தினா.

நிறுத்திட்டு அவ திட்டினது என்னத்தான்.

"கண்ணக் கட்டினா இவங்க நான் ஆயிருவாங்களா? பயந்துதான் போவாங்க. எனக்குப் பயமில்ல அப்பாயி, எனக்கு இந்த வேலை தெரியும். கட்டாத, அவுத்து விடு. கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு நான் செய்யிறதப் பாக்கச் சொல்லு."

அதயே சிங்களத்துல அந்த மிஸ்கிட்டயும் சொன்னா. மிஸ் தலமயிரச் சரி பண்ணிக்கிட்டு, செக்கியூரிட்டியப் போகச் சொல்லிட்டு, கம்பியூட்டர்ல வாசிக்கிற சாமான ஏத்திவிட்டா. பேத்தி உக்காந்தா. பட்டன், பட்டன், பட்டன்னு அது அங்கயும் ஆரம்பிச்சுது. மிஸ் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. காலண்டர்ல பேத்தி மாசம் மாசமாப் பின்னால போறதப் பாத்தா. போயிச் சேந்ததும் எல்லாம் அழியிறதப் பாத்தா. ரெண்டாவது தடவயும் பாத்தா. மூணாவது தடவ அழிஞ்சப்ப, நகத்தக் கடிச்சுக் கடிச்சு அவ வெரல்ல ரத்தம் வந்திருந்துச்சு. அந்த ரத்தத்தயும் நான் கணக்குல சேக்கல.

மேல இருக்குற பெரியவருக்கு போன் போட்டா. போம் மூடினதுக்கப்புறம் பாத்துக்கலாம்னு அவரு சத்தம் போட்டது எங்களுக்கே கேட்டுச்சு. மிஸ் போன வச்ச வேகத்துல மேசை ஆடிச்சு. வெள்ளிக்கெழம மத்தியானம் வாங்க, அதுக்குள்ள செஞ்சு வைக்கிறேன்னா. ஒன்னு மட்டும் அவ கையில இல்லயாம். கடைசியில அனுப்பும்போது மறுபடி ஆறு இலக்கம் வரும், அது பதிஞ்ச நம்பருக்குத்தான் வரும். நம்பர மாத்துறதுக்கு பெரியவரோட கையெழுத்து வேணும், ஒரு வாரம் ஆகும். ஒரு ஐடென்டிட்டிக்கு ஒரு பதிவுதான், புதுசாவும் போட முடியாது. அப்ப என் மகனோட போன் வேணும். அத நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். எப்புடின்னு எனக்கே தெரியாது.

வூட்டுக்கு வந்தா மகன் என் கையப் பாத்தான். வீங்கி, வாழத்தண்டு மாதிரி இருந்துச்சு. யாரு செஞ்சதுன்னு கேட்டான். பீலியில தண்ணி புடிக்கப் போயி வழுக்கிட்டேன்னேன். யாரு செஞ்சதுன்னு மறுபடி கேட்டான். பீலின்னு மறுபடி சொன்னேன். வேப்பெண்ணெ காய்ச்சித் தேச்சுவிட்டான்.

வியாழக்கெழம பஸ் கண்டக்டர் மூலமா விசயம் அவனுக்கு எட்டிருச்சு. கேக்கவும் இல்ல, அடிக்கவும் இல்ல. வெள்ளிக்கெழம விடிஞ்சதும் எங்க ரெண்டு பேரயும் உள்ள விட்டு, வெளிய பூட்டப் போட்டு, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போயிட்டான். புத்தி இருந்தா வெறகு பொளக்குற கோடாலிய வெளிய எடுத்து வச்சுட்டுப் பூட்டியிருப்பான்.

எனக்கு ஒரு கைதான் இருக்கு. கோடாலிய பேத்தி எடுத்தா. கதவத் தடவிப் பாத்து, கீல் எங்கன்னு கண்டுபுடிச்சு, ஒரு அடி பின்னால போயி ஓங்கினா. மொத வெட்டு செவுத்துல. கொஞ்சம் எடதுன்னேன். ரெண்டாவது வெட்டு என் காலுக்கு முன்னால மண்ணுல. நான் பலகை மேல ஏறிக்கிட்டேன். மூணாவது, நாலாவது, அஞ்சாவது நேரா கீல்ல. ஒவ்வொரு வெட்டுக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு ஏதோ சொன்னா. உத்துக் கேட்டா, பட்டன், பட்டன்னு சொல்லிக்கிட்டு வெட்டுறா. சிராய் தெறிச்சு கன்னமெல்லாம் கீறல். மேல் கீல் போச்சு, கீழ் கீல் போச்சு, கதவு அப்படியே வெளிய சாஞ்சுது. அப்பத்தான் அந்தக் கோழி நடந்து போனது.

பக்கத்துக் காம்பராக்காரி போட்ட சத்தம் மாத்தளை டவுனுக்கே கேட்டிருக்கும். நாங்க நிக்கல, அவன் போனுக்கு வழி போற வழியில யோசிச்சுக்கலாம்னு எறங்கிட்டோம்.

மத்தியானம் போயிச் சேந்தோம். மீசக்காரன் எங்களப் பாத்ததும் ரெண்டு அடி தள்ளி நின்னு கேட்டத் தொறந்தான். மிஸ்ஸுக்குக் கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு, ரெண்டு நாளா தூங்கல போல. பேத்தி உக்காந்து கைய வச்சா. "முதல் பெயர், எழுதவும்," அப்படின்னு அது தமிழ்ல சொல்லிச்சு. அடுத்தது, "அடுத்த பக்கம் செல்ல." எல்லாத்துக்கும் பேரு வச்சிருந்தா அந்தப் புண்ணியவதி. காலண்டரத் தூக்கிட்டு, நாள், மாசம், வருசம்னு மூணு பொட்டி வச்சிருந்தா. படமெல்லாம் போச்சு. நேரம் முடியப் போகுது, இன்னும் வேணுமான்னு அதுவே கேட்டுச்சு. வேணும்னு பேத்தி ஓங்கித் தட்டினா. எங்க வூட்டுல எங்களையே யாரும் அப்படிக் கேட்டதில்ல. கொற இருக்கான்னு கேட்ட எடத்துல இருக்குன்னு போட்டா. என்ன தேவைன்னு கேட்டதுக்கு நீளமா என்னமோ எழுதினா.

மூணு மணிக்கு எல்லாம் முடிஞ்சுது. ஆறு இலக்கத்த அனுப்பியாச்சுன்னு கம்பியூட்டர் சொல்லிச்சு. முன்னாடி அது ரெண்டு நிமிசத்துல செத்துப்போகுமாம், இப்ப அர மணி நேரம் உசுரோட இருக்கும்படி மாத்தியிருக்கேன்னு மிஸ் சொன்னா. அர மணி என்ன, மகன் மலை மேல இருக்கான், சாயந்தரம் வரைக்கும் கெடச்சாலும் ஆகாது. பேத்தி கை ரெண்டயும் மடியில வச்சுக்கிட்டு அசையாம இருந்தா. அப்பத்தான் கேட்டுப் பக்கம் சத்தம் கேட்டுச்சு. அந்தத் தொண்டைய நான் அம்பது வருசமா கேக்குறேன்.

பக்கத்துக் காம்பராக்காரி மலைக்கே ஓடிப்போயி கோழி செத்த கதயச் சொல்லி அழுதிருக்கா. அவன் வேலையப் போட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வந்துட்டான். கேட்டுல மீசக்காரன் தடுத்திருக்கான். என் அம்மாவும் மகளும் உள்ள இருக்காங்கன்னு இவன் சொல்ல, ஓ, அந்தக் கெழவியா, அது கைய முறுக்கி அனுப்பினது நான்தான்னு அவன் பெருமையா சொல்லியிருக்கான். அவ்வளவுதான். நாங்க போகும்போது மீசக்காரன் மூக்கு இருந்த எடத்துல ரத்தம்தான் இருந்துச்சு. இன்னும் ரெண்டு செக்கியூரிட்டி சேந்து என் மகனக் கீழ தள்ளி, ஒருத்தன் முதுகுல உக்காந்து, ஒருத்தன் மொகத்த சரளைக்கல்லுல வச்சுத் தேச்சுக்கிட்டு இருந்தாங்க. அவன் சட்டப்பையில போன் டிங்கு டிங்குன்னு அடிச்சுக்கிட்டு கெடந்துச்சு.

மிஸ் சத்தம் போட்டு அவங்கள எழுப்பிவிட்டா. மகன் எழும்பி உக்காந்தான். ஒரு பக்கக் கன்னம் பூராவும் கல்லு ஒட்டியிருந்துச்சு. போன எடுக்க நான் கைய நீட்டினேன். அவன் பைய இறுக்கிப் பொத்திக்கிட்டான்.

பேத்தி கம்பத் தட்டிக்கிட்டு வந்தா. அவன் மூச்சு வாங்குற சத்தத்துக்கு முன்னால குந்தி உக்காந்தா. சுட்ட தழும்பு இருக்குற கைய நீட்டினா.

"அப்பா, அந்த நம்பர வாசிங்க. வாசிச்சுட்டு எவ்வளவு வேணும்னாலும் அடிங்க."

அவன் பொத்தின பைய விடல. அவ கைய எடுக்கல. நாலு நிமிசமோ அஞ்சு நிமிசமோ இருக்கும். முன்னாடி மாதிரின்னா அந்த நம்பரு எப்பவோ செத்திருக்கும். அவன் அவ காதப் பாத்தான், அவன் கிழிச்ச காத. கன்னத்துல இருந்த கோடாலிச் சிராய்க் கீறலப் பாத்தான். என் கையப் பாத்தான். கீழ குனிஞ்சு ரத்தத்தத் துப்பினான். அப்புறம் மெதுவா போன எடுத்து, கண்ண இடுக்கிக்கிட்டு, ஒவ்வொன்னா வாசிச்சான். பல்லு இல்லாத ஓட்டையில காத்துப் போயி ஒவ்வொரு இலக்கமும் விசிலடிச்சுது. ஆறு இலக்கம். வேற நேரமா இருந்தா நான் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்.

பேத்தி ஒரு தடவ திருப்பிச் சொன்னா. எழும்பித் திரும்பி நடந்தா. நான் கூடப் போகப் பாத்தேன், மகன் என் சீலயப் புடிச்சு நிறுத்தினான். விட்டுப் பாருங்கம்மான்னான். அவ புதங்கெழமயே அந்த ரோட்டக் காலால எண்ணி வச்சிருக்கா போல. படி இருந்த எடத்துல ஒரு தடவ நின்னா, ஏறினா, கதவுக்குள்ள போயிட்டா. அவன் கதவையே பாத்துக்கிட்டு இருந்தான். கன்னத்துல இருந்த கல்லு ஒவ்வொன்னா உதுந்துச்சு.

அவ அமுக்கினத நான் பாக்கல. விண்ணப்பம் கெடச்சுதுன்னு அது சொன்னதா மிஸ் வந்து சொன்னா. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. பொலிஸுக்குச் சொல்லணும்னு மீசக்காரன் குதிச்சான். சொல்லுங்க, வயசான பொம்பள கைய முறுக்கினதயும் சேத்துச் சொல்லுவோம்னு மிஸ் சொன்னா. அவன் மூக்கக் கழுவப் போயிட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸுல பின் சீட்டு. நடுவுல பேத்தி, ரெண்டு பக்கமும் நாங்க. மூணு பேரோட மூஞ்சியையும் பாத்துட்டு கண்டக்டர் டிக்கட்டுக்கு ரெண்டு தடவ தயங்கினான். மாத்தளை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால, அங்க ஹாஸ்டல்ல அடுப்பு கிடுப்பு இருக்குமான்னு மகன் கேட்டான். ஜன்னலப் பாத்துக்கிட்டே கேட்டான்.

"இருக்கும்ப்பா," அப்படின்னா பேத்தி. "இருந்துட்டுப் போகட்டும். நான் கோடாலி புடிக்கப் பழகிட்டேன்."

அவன் அவ கைய எடுத்து, தழும்பு இருந்த எடத்தப் பெருவெரலால ஒரு தடவ தேச்சான். அப்புறம் சிரிச்சான். அதுவும் விசிலாத்தான் வந்துச்சு.